நிஷாவின் சலுகைப் பாஸ்

தேநீர் வேண்டாம், சார். காலையில் வீட்டில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வந்தால் சாயங்காலம் வரை எனக்கு எதுவும் தேவைப்படாது. கேட்டில் நிற்கிறவன் தண்ணீரும் டீயுமாகக் குடித்துக்கொண்டிருந்தால் அடிக்கடி ஒதுங்கப் போக வேண்டிவரும். அந்த நேரம் பார்த்து ஒரு வண்டி வந்து நின்றால் டிக்கெட் இல்லாதவர்கள் எல்லாம் சாவகாசமாக வெளியே போய்விடுவார்கள். என் சர்வீஸில் வண்டி வரும் நேரத்தில் நான் கேட்டை விட்டு நகர்ந்ததே இல்லை. ஒரே ஒரு காலையைத் தவிர. அந்தக் காலையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நீங்கள் ஃபைலை மூடிவிட்டீர்கள் என்று தெரியும். விபத்து என்று முடிவாகிவிட்டது. அதிலுள்ள என் வாக்குமூலத்தில் பொய் என்று ஒரு வரிகூடக் கிடையாது. வண்டி வந்தது, ஹாரன் அடித்தது, நான் கூப்பிட்டேன், கையை நீட்டினேன், அதற்குள் நடந்துவிட்டது. எல்லாம் சரிதான். ஓர் இடத்தில் மட்டும் தவறு இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும் என்பதற்காகத்தான் லீவு போட்டுவிட்டு வந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

நான் கோதண்டபாணி. டிக்கெட் பரிசோதகன். ஜனங்கள் டிடிஆர் என்பார்கள். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையில் இருக்கும் எங்கள் ஸ்டேஷனை வேகவண்டிகளில் போகிறவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். காலையில் காட்பாடிப் பக்கமிருந்து வரும் பாசஞ்சர்தான் எங்களுக்குப் பெரிய கூட்டம். ஷூ கம்பெனி வேலைக்கு வரும் பெண்கள் டிபன் பையோடு மொத்தமாக இறங்குவார்கள். கம்பெனியில் கேட்டைச் சாத்திவிட்டால் அரை நாள் போச்சு என்பதால் எல்லோருக்கும் ஓட்டமும் நடையும்தான். அவர்கள் வெளியே போக இருப்பது இரும்புக் குழாய்களுக்கு நடுவே ஓர் ஆள் மட்டும் நுழைகிற ஒரு சந்து. அதன் முனையில் நான் நிற்பேன்.

இப்போது முக்கால்வாசிப் பேர் சீசனைச் செல்போனில் காட்டுகிறார்கள். சலுகைப் பாஸ் மட்டும் இன்னும் காகிதம்தான். கூடவே சலுகைக்கான அட்டையையும் காட்ட வேண்டும். கண் தெரியாதவர்கள், கை கால் முடியாதவர்கள், காதும் கேட்காமல் வாயும் பேசாதவர்கள். அவர்களுக்கெல்லாம் பாதிக் கட்டணம். எனக்கு அதில் எந்த வருத்தமும் கிடையாது. சொல்லப்போனால் அப்படிப்பட்டவர்களுக்கு என்னைப் போல் ஒத்தாசை செய்தவன் எங்கள் டிவிஷனிலேயே இருக்க மாட்டான்.

ஒரு பெரியவர் வருவார். கறுப்புக் கண்ணாடி, வெள்ளைக் குச்சி. கூட்டம் கலையும்வரை அவரை ஓரமாக நிறுத்திவைத்துவிட்டு, பிறகு நானே கையைப் பிடித்து ஆட்டோ வரை கொண்டுபோய் விடுவேன். வருஷக்கணக்கில் செய்தேன். "உங்க புள்ளகுட்டிங்க நல்லா இருக்கணும் சார்" என்பார். எங்களுக்குக் குழந்தை இல்லை என்பதை அவரிடம் நான் சொல்லிக்கொண்டதில்லை. ஒருநாள் பறக்கும் படை அவரை ஜோலார்பேட்டையில் பிடித்தது. பக்கத்தில் இருந்தவருக்கு ரயில் அட்டவணையை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாராம். அடுத்த வாரம் மீட்டிங்கில் அதிகாரி எல்லோருக்கும் முன்னால் என்னைக் கேட்டார், "இவரத்தான நீங்க கையப் புடிச்சி கூட்டினு போவீங்க?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் அந்தக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். என் மனைவி சங்கீதா, "இன்னாங்க, கைல இன்னா?" என்று கேட்டாள். மை என்று சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் நிஷா எங்கள் ஸ்டேஷனுக்கு வர ஆரம்பித்தாள்.

குடியாத்தத்தில் ஏறுவாள். இருபது, இருபத்தொன்று இருக்கும். மாநிறம், ஒல்லி. தலையை இறுக்கிப் பின்னி, பின்னலை முன்னால் போட்டுக்கொள்வாள். ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவில் வேலை. அங்கே மெஷின் சத்தத்தில் மற்றவர்களுக்குத் தலைவலி வரும், இவளுக்கு வராது என்பதால் கம்பெனிக்காரர்களுக்கு இவளைப் பிடிக்கும். இதை எனக்குச் சொன்னது அஃப்ஸர் ஜஹான். அதே பிரிவில் மேஸ்திரி போல இருந்த அம்மாள். நிஷாவோடு சேர்ந்து வந்து சேர்ந்து போவாள். நிஷாவுக்காக எல்லாரிடமும் பேசுவதும் அவள்தான்.

நிஷா பாஸையும் அட்டையையும் ஒன்றாகச் சேர்த்து இரண்டு கையாலும் நீட்டுவாள். நீட்டிவிட்டு என் வாயையே பார்ப்பாள். முதல் நாளே எனக்கு அது உறுத்தியது. காது கேட்காதவள் என் வாயில் என்ன பார்க்கிறாள்?

நான் யாரையும் அவசரப்பட்டுச் சந்தேகிக்கிறவன் இல்லை. சோதித்துப் பார்க்காமல் ஒரு வார்த்தையும் சொல்லக்கூடாது என்று வைத்திருந்தேன். ஒருநாள் அவள் என்னைத் தாண்டிப் போனதும் சாவிக்கொத்தைச் சிமெண்ட் தரையில் போட்டேன். முன்னால் போன பெண்கள் எல்லாம் திரும்பினார்கள். அவள் திரும்பவில்லை. நன்றாகப் பழகிவைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு நாள் விசிலை அவள் காதுக்குப் பின்னால் வைத்து ஊதினேன். இமைகூட அசையவில்லை. குருடர் வேஷம் போட்டவரும் என் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் காலை விட்டவர்தான்.

பிறகு பேசிப் பார்த்தேன். முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டு, அவளைப் பற்றியும் அவளைப் பெற்றவளைப் பற்றியும் சில வார்த்தைகள் சொன்னேன். அவற்றை இங்கே திருப்பிச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. காது கேட்கிற எந்தப் பெண்ணுக்கும் முகம் மாறியிருக்கும். நான் சிரித்ததால் அவளும் சிரித்தாள். தலையை ஆட்டி வணக்கம் போல ஒன்று வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு அடுத்து நின்ற அஃப்ஸர் ஜஹானுக்குத்தான் முகம் மாறிப்போயிருந்தது.

"இன்னா சார் சொன்னீங்க இப்போ?"

"உங்கள ஒண்ணும் சொல்லலியேம்மா."

"என்னச் சொல்லல. அதச் சொன்னீங்க. அதுக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சிதான சொன்னீங்க?"

அந்த அம்மாள் விஷயத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டாள். கேட்காது என்று எனக்குத் தெரிந்திருந்தால் எதற்காகச் சொல்லப்போகிறேன்?

ஆதாரம் கிடைத்தது ஒரு சாயங்காலம். வேலை முடிந்து திரும்புகிற பெண்கள் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நிஷா செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைத் தரையில் ஊன்றி, பெஞ்சியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். நான் தூணுக்குப் பின்னால் நின்று அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று தின்பதை நிறுத்தித் தலையை வலது பக்கம் திருப்பினாள். அங்கே ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தப் பக்கமிருந்து கூட்ஸ் வண்டியின் ஹாரன் கேட்டது. மற்றவர்கள் அதற்குப் பிறகுதான் திரும்பினார்கள். அவளுக்கு எங்கள் எல்லோரையும்விட நன்றாகக் கேட்கிறது என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலை கேட்டில் அவளைத் தனியாக நிறுத்தினேன். அஃப்ஸர் ஜஹானும் நின்றுவிட்டாள்.

"டெய்லி இன்னா சார் பேஜாரு? பாஸு இருக்குது, கார்டு இருக்குது. அப்பறம் இன்னா?"

"காது கேக்குதும்மா இவளுக்கு. நேத்து என் கண்ணால பாத்தேன். கூட்ஸ் வர்றதுக்கு முன்னாடியே திரும்பறா."

அவள் நிஷாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னிடம் குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள், "தரை அதிருதுல்ல சார். கால்ல தெரியும் அதுக்கு. எங்க லைன்ல கூட நான் பின்னால வந்து நின்னா கண்டுபுடிச்சிடும். பொறக்கறப்பவே காது இல்லாதவங்களுக்கு அப்பிடித்தான் சார் ஆண்டவன் குடுத்திருக்கான்."

நான் யோசித்துப் பார்த்தேன். நியாயமாக யோசித்தேன். காலால் என்றாலும் கேட்பது கேட்பதுதானே? அட்டையில் செவித்திறன் முழுவதும் இல்லை என்றல்லவா போட்டிருக்கிறது. இதைச் சொன்னபோது அஃப்ஸர் ஜஹான் என்னை வெகுநேரம் பார்த்தாள்.

அந்த அம்மாளைப் போகச் சொல்லிவிட்டு நிஷாவை பெஞ்சியில் உட்காரவைத்தேன். அட்டையை வாங்கி வைத்துக்கொண்டேன். எனக்கு அந்த அதிகாரம் உண்டு. சந்தேகம் இருந்தால் விசாரிக்கலாம். தூரத்தில் கம்பெனியின் சங்கு ஊதியது. அவள் என் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினாள். கம்பெனி இருக்கும் பக்கம் கையை நீட்டிக் காட்டினாள். நான் பொறு என்று சைகை செய்தேன். அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. எழுத்தில் எழுத முடியாது, சார். சார் என்று சொல்ல வந்ததாகவும் இருக்கலாம். என் வாயைப் பார்த்து, அதே மாதிரி உதட்டைக் குவித்து, மறுபடியும் அந்தச் சத்தத்தைப் போட்டாள். அந்தச் சலுகை காதும் வாயும் இரண்டுமே இல்லாதவர்களுக்கு. வாய் இருக்கிறது என்று அவளே காட்டிவிட்டாள் என்று எனக்குப் பட்டது.

அதன் பிறகு அடிக்கடி அவளை நிறுத்தினேன். கூட்டம் போகும்வரை உட்காரவைப்பேன். கத்தியதில்லை, கை ஓங்கியதில்லை. அட்டையின் நகலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். எல்லாம் சரி என்று பதில் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "விட்டுத் தொலைங்க பாணி. கரெக்டுன்னு எழுதிட்டாங்கல்ல?" என்றார். சரி என்றேன். ஆனால் அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரரின் அட்டையும் கரெக்டாகத்தான் இருந்தது.

பொங்கலுக்கு முன்பு ஒருநாள் நிஷா கேட்டுக்கு வரவில்லை. லீவு என்று நினைத்தேன். மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாள் பிளாட்பாரத்தின் கோடியைப் பார்த்தேன். கடைசி வரை நடந்து, சரிவில் இறங்கி, தண்டவாளத்தின் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே மதில் ஓரிடத்தில் இடிந்திருக்கிறது. அதன் வழியாகப் போனால் தோல் ஷெட்டுகளுக்குப் பின்னால் கம்பெனிக்குக் குறுக்கு வழி.

நீங்களே சொல்லுங்கள். சரியான பாஸ் வைத்திருப்பவள் எதற்காகக் கேட்டுக்குப் பயந்து மதிலைத் தாண்டிப் போக வேண்டும்? எனக்கு மிச்சமிருந்த சந்தேகமும் அதோடு போய்விட்டது.

சில நாட்கள் கவனித்தேன். இறங்கிய வண்டி ஜோலார்பேட்டைப் பக்கம் கிளம்பிப் போகும்வரை பிளாட்பாரத்திலேயே நிற்பாள். பிறகு இரண்டாவது தடத்துக்குப் போய், அதன் மேலேயே மதில் உடைப்பு வரை நடப்பாள். ஜல்லியில் நடப்பது கஷ்டம், தடத்தின் கட்டைகளில் கால் வைத்து நடப்பது சுலபம். ஏன் இரண்டாவது தடம் என்றால், அதில் வருகிற வண்டிகள் எல்லாம் சென்னைப் பக்கம் போகிறவை, அவளுக்கு எதிரே வருபவை. கண்ணால் பார்த்து விலகிக்கொள்ளலாம். இதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அது தெரியும்.

அந்தக் காலை பனி கொஞ்சம் ஜாஸ்தி. பாசஞ்சர் உள்ளே வரும்போதே நான் கேட்டை விட்டுக் கிளம்பி மதில் உடைப்புக்குப் போய் நின்றுகொண்டேன். கேட்டில் யாரும் இல்லாததால் பெண்கள் எல்லாம் அன்றைக்கு யாருக்கும் எதையும் காட்டாமல் வெளியே போனார்கள். அஃப்ஸர் ஜஹான் மட்டும் நான் எங்கே என்று தேடியிருக்கிறாள். அதனால்தான் பிளாட்பாரத்திலேயே நின்றிருக்கிறாள்.

பாசஞ்சர் என்னைத் தாண்டிப் போனது. கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து நிஷா வந்தாள். டிபன் பை தோளில் ஆடியது. தலையை நிமிர்த்தி முன்னால் பார்த்தபடியே வந்தாள், வண்டி வருகிறதா என்று பார்க்கிறவர்களைப் போல. வண்டிக்குப் பதிலாக நான் தெரிந்தேன். நின்றுவிட்டாள். நான் கையை நீட்டி, பாஸ் என்று சைகை காட்டினேன்.

அவள் திரும்பி, வந்த வழியே நடக்க ஆரம்பித்தாள்.

நான் பின்னால் போனேன். அவள் தடத்தின் மேல், நான் பக்கத்து ஜல்லியில். அவள் ஓடவில்லை. ஓடினால் தப்பு செய்ததுபோல ஆகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ, வேகமாக மட்டும் நடந்தாள். நான் எட்டிப் பிடிக்கிற தூரத்துக்கு வந்துவிட்டேன். அப்போதுதான் எனக்குப் பின்னால் ஹாரன் கேட்டது. சென்னைக்குப் போகும் வேகவண்டி. எங்கள் ஸ்டேஷனில் நிற்காது.

மீதியை நீங்கள் ஃபைலில் படித்திருப்பீர்கள். வண்டி ஓட்டியவர், ரயில்வே ஊழியர் ஒருவர் அந்தப் பெண்ணின் பின்னால் ஓடிவந்து கையை நீட்டியதைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். அஃப்ஸர் ஜஹானும் அதையேதான் சொன்னாள். பிளாட்பாரத்துக் கோடியிலிருந்து பனிக்குள் அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதைச் சொல்லும்போது அந்த அம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கண்ணால பாத்துத்தான் சார் அந்த லைன்ல நடக்கும் எங்க பொண்ணு. அன்னிக்கி ஏன் முதுகக் காட்டினு வந்துச்சின்னு தெரியல" என்று உங்கள் எஸ்.ஐ.யிடம் சொல்லிவிட்டு அழுதாள். யாரும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு மேலே கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்ற முயன்றதாக ரயில்வே வார விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள். மீட்டிங்கில் சிரித்த அதே அதிகாரிதான் போட்டார்.

அதற்குப் பிறகு நிஷாவின் தாயார் ஸ்டேஷனுக்கு வந்தார். அமிர்தவள்ளி என்று பெயர் சொன்னார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. நான் கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். கூட்டம் போகட்டும் என்று காத்திருந்து, கடைசியில் வந்து, என் வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் கையத்தான நீட்டினீங்க, சார்?"

நான் ஆமாம் என்றேன். அந்த அம்மாள் குனிந்து அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் இழுத்துக்கொள்ளவில்லை. இழுத்துக்கொண்டால் மரியாதையாக இருக்காது.

"யாருமே இல்லாம போய்ட்டாளேன்னு நெனச்சினு இருந்தேன் சார். அப்பறம் நீங்க பக்கத்துல இருந்தீங்கன்னு சொன்னாங்க. கூப்ட்டீங்களாமே?"

"கூப்ட்டேம்மா."

"பாவம், அதுக்கு எங்க கேக்கும்?" என்றார். கையை விடாமலே, "கடைசியா எம் பொண்ணு மூஞ்சி எப்பிடி சார் இருந்துச்சி? பெட்டியத் தெறக்கவே உடல. அதான் உங்களக் கேக்கறேன்" என்றார்.

நன்றாக இருந்தது என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

"எங்க வூட்டுல நான் செருப்பு இல்லாம பூனையாட்டம் நடந்து வந்தாக்கூட திரும்பிச் சிரிப்பா சார். தரைலயே தெரிஞ்சிக்குவா. அவ்ளோ பெரிய ரயிலு வர்றது தெரியாமயா போச்சி? அதான் எனக்குப் புரியல."

அந்த அம்மாள் போன பிறகு நான் தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

அன்றிலிருந்து ஒரு தொந்தரவு, சார். வண்டி வருவது எனக்குக் காலில் தெரிகிறது. ஹாரனுக்கு முன்னால், சிக்னலுக்கு முன்னால், உள்ளங்காலில் மெல்லிசாக ஒரு நடுக்கம் ஆரம்பித்து முட்டி வரை ஏறும். தண்டவாளத்தை ஒட்டி இருக்கும் குவார்ட்டர்ஸில் இருப்பதால்தான் இப்படி என்று நினைத்து அதைக் காலி செய்துவிட்டு, கணியம்பாடிக்கு உள்ளே கொல்லை நடுவில் இருக்கும் எங்கள் சொந்த வீட்டுக்கே போய்விட்டோம். அங்கிருந்து ரயில் தடம் வெகு தூரம். சாப்பிட உட்கார்ந்தால் தரை நடுங்குகிறது. வந்துகொண்டே இருக்கிறது, கிட்டே வருகிறது, ஆனால் வந்து சேர்வதில்லை. சங்கீதாவைத் தரையில் கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லியேங்க" என்றாள். பிறகு என் முழங்காலில் கையை வைத்தாள். "நீங்கதான் நடுங்கறீங்க."

டாக்டரிடம் காட்டினேன். நரம்புத் தளர்ச்சி என்று மாத்திரை கொடுத்தார். அது வேறு விஷயம். காலில் நடுக்கம் வருவதற்கும் காது கேட்பதற்கும் சம்பந்தம் இல்லை.

திருத்த வேண்டியதைச் சொல்கிறேன்.

ஹாரன் முதல் தடவை கேட்டபோது எனக்கும் நிஷாவுக்கும் இடையே ஒரு கை நீளம் இருந்தது. நான் கையை நீட்டியது உண்மை. என் விரல் அவள் பிடரிக்குக் கிட்டே போயிற்று. சுடிதாரின் தோள்பட்டையைப் பற்றி இழுத்திருந்தால் இரண்டு பேரும் ஜல்லியில் விழுந்திருப்போம். முழங்கை சிராய்த்திருக்கும். நேரம் இருந்தது. உங்கள் ஃபைலில் நேரம் இல்லை என்று எழுதியிருக்கிறது. இருந்தது.

தொடப்போகும்போது ஒன்று தோன்றியது. தொட்டுவிட்டால் திரும்பிவிடுவாள். நான் தொட்டதால் திரும்பினாளா, ஹாரன் கேட்டுத் திரும்பினாளா என்று எனக்குத் தெரியாமலே போய்விடும். சாவிக்கொத்திலும் விசிலிலும் அவள் நடித்திருக்கலாம். இதில் யாரும் நடிக்க முடியாது. இதைவிடப் பெரிய சோதனை இனி எனக்குக் கிடைக்காது. அதனால் கையை மடக்கிக்கொண்டேன். தடத்தை விட்டு இரண்டடி விலகி நின்றேன். கூப்பிட்டேன் என்று சொன்னேன் அல்லவா? "நிஷா" என்றேன். கேட்டில் பேசுகிற சாதாரணக் குரலில்தான். கத்தினால் சோதனை சரியாக இருக்காது.

வண்டி அவள் மேல் வருவதற்கு முன்னால் அவள் கால் நின்றது. பின்னல் தோளிலிருந்து நழுவியது. தலையைத் திருப்பினாள். வண்டிப் பக்கம் திருப்பவில்லை, நான் நின்ற பக்கம் திருப்பினாள். என் வாயைப் பார்த்தாள். இவ்வளவுதான், சார்.

அவளை நான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதே ஃபைலில் அவளைச் செவித்திறன் முழுவதும் அற்றவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அது அப்படியே இருந்தால் என்னால் சாப்பிட முடியவில்லை, நிற்க முடியவில்லை. அவள் திரும்பினாள், சார். கேட்காமல் எப்படித் திரும்புவாள்?